கை வைத்த சேலை

“உனக்கு என்ன கலர் பிடிக்கும்?”

சேலை விற்கும் பெட்டியக்கா என்னிடம் இப்படிக் கேட்டு நாலு வருடம் ஆகிறது. அவர் வீட்டுச் சின்ன அறையில், கட்டில்மேல் நாற்பது சேலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார். அதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எடுத்ததைக் கட்டினேன். கல்யாணத்துக்கு மாமியார் எடுத்ததைக் கட்டினேன். பதில் எனக்குள்ளே எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சொல்லிவிட்டார்.

“அவளுக்குச் சந்தனம். கண்ண மூடிக்கிட்டு எடுங்க.”

அன்றைக்குச் சந்தன நிறத்தில் ஒரு சேலையோடு வீட்டுக்கு வந்தேன். அதோடு அந்த அறையில் எனக்குச் சந்தனம் என்றே பேர் விழுந்துவிட்டது. சந்தனம் வந்தாச்சா, சந்தனத்துக்கு டீ குடுத்தாச்சா என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்குப் பத்து வருடம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. நாங்கள் வந்தபோது விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனது, வீடு பார்த்துக் கொடுத்தது, தம்பியைப் பஸ் ஓட்டும் வேலைக்கு மனுப் போட வைத்தது, என்னைச் சலவை ஆலையில் சேர்த்துவிட்டது எல்லாம் அவர்தான். ஒரே கட்டடத்தில் அவர் முதல் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. அவர் படியேறி வரும்போது இரண்டாம் மாடியிலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். கதவைத் திறக்கும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு வைத்த பேர் ரேடியோ. “பேட்டரி போடாமலே நாப்பது வருஷமா பாடுது” என்பார்.

சந்தனம் எப்படி வந்தது என்றால், நாங்கள் வந்த முதல் வாரத்தில் அண்ணி ஒரு சேலை கொடுத்தார். சந்தன நிறம், மெல்லிய பச்சைக் கரை. தனக்கென்று எடுத்து ஒருமுறைகூடக் கட்டாதது. கையில் வைத்துக் கரையை ஒருமுறை நீவிவிட்டு, “நீ கட்டிக்கோ, உன் நிறத்துக்கு எடுக்கும்” என்று நீட்டினார். வந்த இடத்தில் முதல் பரிசு. “ரொம்ப நல்லா இருக்கு அண்ணி” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சந்தனம்தான் பிடிக்கும் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். சந்தனத்துக்கு அப்புறம் மோர் நிறம், வெண்ணெய் நிறம், பிஸ்கட் நிறம், தேங்காய்ப்பால் நிறம். ஒவ்வொரு தடவையும் “நல்லா இருக்கா?” என்பார். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கு அண்ணி என்பேன். நாலு வருடத்தில் பதினோரு சேலை. என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்தால் பால் டிப்போ மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் வந்த பிறகு அண்ணி தனக்குச் சந்தனம் எடுப்பதையே விட்டுவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நிறம் எதற்கு என்று அரக்கும் கரும்பச்சையுமாக எடுக்க ஆரம்பித்தார். ஆனால் அந்தப் பச்சைக்கரைச் சேலையை மட்டும் அடிக்கடி விசாரிப்பார், சொந்தக்காரரை விசாரிப்பது போல. நான் அதைக் கட்டும் நாளில் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, டீயைக் கொட்டிவிடாதே என்பார்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் எங்கள் ஆலைக்கு வண்டி வண்டியாக வரும். துவைபட்டு, உலர்ந்து, பெரிய உருளைகளுக்கு நடுவே சூடாக வெளியே வரும் விரிப்பை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் இன்னொருத்தியுமாகப் பிடித்து மடிப்போம். ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம். எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, எங்கள் தொப்பி வெள்ளை, மேல்சட்டை வெள்ளை. எட்டு மணி நேரம் வெள்ளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால், உள்ளேயும் வெள்ளைக்கு அக்கா தங்கச்சி.

அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டாமல் இருக்க மாட்டேன். போக இடம் வேண்டும் என்றில்லை. காய்கறி வாங்கப் போனாலும் கட்டுவேன். கீழே தடித்த காலுறை, பூட்ஸ், மேலே கோட்டு. நடுவில் ஒரு சாண் கரை மட்டும் வெளியே தெரியும். அந்த ஒரு சாணுக்காக அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்பேன். நகரும் படிக்கட்டில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினால் பின்னால் வருகிறவர்கள் மரியாதையாகத் தள்ளி நிற்பார்கள். வாரம் பூராவும் காற்சட்டைக்குள் அடங்கிக் கிடந்த கால்களுக்கு, கொசுவம் வந்து முட்டி முட்டிப் போகும்போதுதான் தாங்கள் நடக்கிறோம் என்றே தெரியும்.

கொசுவம் பிடிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். யாராவது கீழே உட்கார்ந்து, மடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்ப்படுத்தி இழுத்துவிட வேண்டும். இங்கே அந்த வேலை என் வீட்டுக்காரருக்கு. பஸ்ஸை நிறுத்துவது போலவே செய்வார். தரையில் குந்தி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, “லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிக்கணும்” என்பார். ஒடிப்பார். அது வலது பக்கம் போய் நிற்கும்.

போன மாதம் ஆலையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஆலை தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். எல்லாருக்கும் மதிய விருந்து. சீருடை வேண்டாம், அவரவர் சொந்த உடுப்பில் வரலாம் என்று எழுதியிருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாள் என்னிடம் வந்து, அந்த நீளத் துணியை உடுத்தி வருவாயா என்று கேட்டார். என் போனில் ஒருமுறை படம் பார்த்திருக்கிறார். நான் தலையாட்டினேன். அவருக்கு ஒரு சந்தேகம். பொத்தான் இல்லை, ஜிப் இல்லை, சாப்பிடும்போது நடுவில் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்றார். எனக்கு அந்த பாஷையில் அவ்வளவு விளக்கத் தெரியாததால் சிரித்துவைத்தேன்.

அண்ணியிடம் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியக்கா வீட்டுக்குப் புதுச் சேலை வருகிறது, பார்ட்டிக்குப் பொருத்தமாக ஒரு சந்தனம் எடுத்துவிடலாம் என்றார். நான் சரி என்றேன். ஆனால் அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒரு எண்ணம் வந்தது. ஆலையில் முந்நூறு பேர் முன்னால் ஒரே ஒரு நாள் சேலை கட்டப்போகிறேன். அன்றைக்கும் விரிப்பு நிறத்திலா போய் நிற்பது? ஒரே ஒரு சேலை, நானே பார்த்து, நானே எடுத்தது, பீரோவில் இருந்தால் என்ன? இவ்வளவுதான் என் ஆசை. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் இதற்கு வாய் திறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்பேன். முன் பெஞ்சுக்குக்கூடப் போய்ச் சேராது. மூன்றாவது பெஞ்சில் முழுசாக உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று எழுதப்பட்ட நாட்கள் நிறைய. ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், எப்படியும் வராதவள் என்றுதானே எழுதப்போகிறார்கள் என்று நிஜமாகவே போகாமல் இருந்துவிட்டேன். அப்புறம் போகவே இல்லை. வீட்டில் நாலு நாள் திட்டினார்கள். ஐந்தாம் நாள் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

பெட்டியக்கா பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். ஊருக்குப் போய் வருகிற யார் பெட்டியிலாவது இடம் பிடித்து, தம்பி அனுப்பும் சேலைகளை வரவழைப்பார். அதனால்தான் அந்தப் பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு மதியம் அந்தச் சின்ன அறை கடையாகும். கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு, தரைக்கு ஜமுக்காளம். பெட்டியைத் திறந்ததும் புதுத்துணிக் கஞ்சியும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாசனை குப்பென்று வரும். அதுவரை பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. முன்பு இரண்டு பேர் ஒரே சேலையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்து, சேலையும் கிழிந்து சிநேகிதமும் கிழிந்ததாம். அதற்குப் பிறகு பெட்டியக்கா போட்ட சட்டம் அது. சேலைமேல் கை வைத்துவிட்டால், கையை எடுக்கிறவரை வேறு யாரும் அதைக் கேட்கக்கூடாது, தொடக்கூடாது. ஆனால் கை மட்டும் போதாது. எல்லாரும் பார்த்து முடிந்ததும் பெட்டியக்கா ஒவ்வொன்றாகக் காட்டி “யாருக்கு?” என்று கேட்பார். கை வைத்தவள் வாயைத் திறந்து “எனக்கு” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து யார் சொல்கிறாரோ அவருக்கு. அங்கே எடுத்த அத்தனை சேலைக்கும் எனக்காக அண்ணிதான் பதில் சொல்லியிருக்கிறார். “அவளுக்கு.”

அன்றைக்கு, எப்போதும் வரும் நர்ஸ் ஒருவரையும் சேர்த்து, நாங்கள் ஏழெட்டுப் பேர். இரண்டாவது பெட்டியில் நாலாவதாக வந்தது அந்தச் சேலை.

கத்திரிப் பூவைப் பார்த்திருப்பீர்கள். பூ ஊதா, நடுவில் மட்டும் மஞ்சள். உடம்பு முழுக்க அந்த ஊதா, கரையில் அந்த மஞ்சள். பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் துணியைத் தொடுகிற கை, என்னைக் கேட்காமலே போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

எதிரே இருந்த நர்ஸின் கையும் பாதி வழி வந்து நின்றது. அவருக்கும் அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் சட்டம்தான். சரி, சந்தனம்தானே, இரண்டு நிமிஷத்தில் கையை எடுத்துவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அண்ணி அதற்குள் எனக்காக ஒரு சந்தனத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் கையை வைத்துவிட்டார். மெல்லிய மயில்கழுத்துக் கரை. அப்புறம்தான் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

“எனக்காகப் புடிச்சு வெச்சிருக்கியா? நல்ல பொண்ணு. ஆனா எனக்கு வேணாம்டி, இந்த மாதிரி ரெண்டு இருக்கு. விட்டுடு, நர்ஸம்மா பாக்கட்டும்.”

நான் சிரித்தேன். கையை எடுக்கவில்லை.

டீ வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தேன். பையில் போன் அடித்தது. வலது பக்கம் இருந்த பை, எட்டவில்லை, விட்டுவிட்டேன். மூக்கு அரித்தது. மூக்கின் வலது பக்கம்தான் அரிக்க வேண்டுமா? இடது கையைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சொறிந்தேன். அரை மணி நேரம் ஆனதும் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தனம், கை மரத்துப்போச்சுன்னா சொல்லு. நான் ஒரு ஊசி போட்டுடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. உடம்பு ஏதும் சரியில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இந்த நிறம் எனக்கு எடுக்காது, முகம் கறுத்துத் தெரியும் என்று காதில் சொன்னார். நான் தலையாட்டினேன். நான் எதற்கும் தலையாட்டுகிறவள். கை மட்டும் அன்றைக்குத் தனியாக ஒரு முடிவில் இருந்தது.

பெட்டியக்கா எழுந்தார். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு, எனக்கு என்று குரல்கள் வந்தன. பிறகு என் கைக்கு நேராகக் குனிந்தார்.

“இது யாருக்கு?”

“எனக்கு” என்றேன்.

சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டியக்கா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே மூன்றாவது பெஞ்சு. நர்ஸ் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது.

“யாருக்குப்பா?”

“எனக்கு!”

சமையலறையில் டீப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெட்டியக்காவின் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நர்ஸ் இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டுக் கை தட்டினார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அண்ணி, தன் கைக்குக் கீழே இருந்த சேலையைக் காட்டி, “அப்ப இந்தச் சந்தனம்?” என்று கேட்டார். இருபது வருடமாக மூடியிருந்த குழாயைத் திறந்தால் உடனே அடைக்க முடியுமா?

“எனக்குச் சந்தனம் பிடிக்காது அண்ணி.”

பெட்டியக்கா சட்டென்று அடுத்த சேலையைப் பார்த்து, அதாவது அண்ணியின் கை இருந்த சேலையைப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டார். அண்ணியின் கை அதன்மேலேயே இருந்தது. வாய் திறக்கவில்லை. பெட்டியக்கா இரண்டு தடவை கேட்டார். பிறகு அண்ணி மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அந்தச் சேலை பெட்டிக்குள் போனது.

வீட்டுக்குப் பஸ்ஸில் பன்னிரண்டு நிறுத்தம். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் மாடியில் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் கையில் கத்திரிப்பூச் சேலையை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

மூன்று வாரம் ரேடியோ பாடவில்லை. தம்பியிடம் போனில் பேசுவார், என்னைக் கேட்க மாட்டார். என் வீட்டுக்காரருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது.

“எங்க அப்பா மெரட்டிப் பாத்தார், வாத்தியார் அடிச்சுப் பாத்தார், யாராலயும் நிறுத்த முடியல. நீ என்னத்தச் சொன்னே? எனக்கும் அந்த மந்திரத்தச் சொல்லிக் குடேன்.”

இரண்டாவது வாரம் அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வரும்போது முதல் மாடியில் கொஞ்சம் நின்று நின்று வந்தார்.

நான் ஜாக்கெட் தைத்தேன். சேலையோடு வந்த துணியை நாலு தடவை அளந்து வெட்டினேன். தைக்கும்போது சந்தோஷமாக இருக்கும். தைத்து முடித்து மிஷினை மூடும்போது முதல் மாடி ஞாபகம் வரும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பேன். அத்தனை வெளிர் நிறங்களுக்கு நடுவில் அது மட்டும், யாரோ வெள்ளைச் சட்டைக் கூட்டத்தில் சத்தம் போட்டது போல இருந்தது. ஒரு தடவை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல், சேலையை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினேன். இதை நர்ஸுக்கே கொடுத்துவிடுகிறேன் அண்ணி, பேசுங்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. கதவைத் தட்டக் கையைத் தூக்கினால், உள்ளே அண்ணி போனில் பொழிந்துகொண்டிருக்கிறார். ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்கிறது. எங்கள் வீட்டு நிலையத்தை மட்டும்தான் மூடியிருக்கிறார்கள்.

“நாலு வருஷமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே கட்டிட்டு இருந்திருக்கா. பிடிக்கலேன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

தூக்கிய கையை இறக்கிக்கொண்டு மேலே வந்தேன். அவர் கேட்டது சரிதான். நான் வாய் திறந்த நாள் தப்பில்லை. திறக்காத நாலு வருடம்தான் தப்பு. இப்போது இந்தச் சேலையை நர்ஸுக்குக் கொடுத்தால் அது இன்னொரு ‘நல்லா இருக்கு அண்ணி’ ஆகிவிடும். அதனால் கொடுக்கவில்லை.

விருந்து நாள் காலையில் பச்சைக்கரைச் சந்தனத்தையும் கத்திரிப்பூவையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு பச்சைக்கரையை மடித்து மறுபடி பீரோவில் வைத்தேன்.

கத்திரிப்பூ கட்ட ஆரம்பித்தால், அது லேசில் அடங்குகிற சேலையாக இல்லை. புதுக் கஞ்சி. கொசுவம் மொடமொடவென்று குடை மாதிரி விரிந்து நின்றது. என் வீட்டுக்காரர் குந்தினார், ஒற்றைக் கண்ணை மூடினார், இடது பக்கம் ஒடித்தார், வலது பக்கம் ஒடித்தார். நாலு தடவை அவிழ்த்து நாலு தடவை மடித்தோம். மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு ஆலையில் இருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போனார். “அக்கா, வண்டி நின்னுபோச்சு” என்று சொன்னது மட்டும் கேட்டது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. அண்ணி நைட்டிமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். உதடுகளுக்கு நடுவில் ஏழெட்டு ஊக்கு. பேச நினைத்தாலும் பேச முடியாத மாதிரி தயாராகத்தான் வந்திருந்தார். என் கையிலிருந்த கொசுவத்தைப் பிடுங்கி, உதறி, விரலால் அளந்து அளந்து மடித்து என் கையிலேயே திணித்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மடிப்பாகக் கீழே இழுத்து, கட்டை விரலால் அழுத்தி, தண்ணீரைத் தொட்டு நீவிவிட்டார். அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. இடுப்பில் ஒன்று, தோளில் இரண்டு, முந்தானை மடிப்புக்கு ஒன்று, பின்னால் எனக்குத் தெரியாத இடங்களில் மூன்று. மேற்பார்வையாளர் அம்மாள் இப்போது வந்து கேட்டால் சொல்லிவிடலாம், ஆலையே இடிந்தாலும் இது அவிழாது என்று.

வாயிலிருந்த கடைசி ஊக்கும் தீர்ந்துவிட்டது. அண்ணி எழுந்து இரண்டடி பின்னால் போய் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முந்தானையைத் தோளில் இன்னும் ஒரு விரற்கடை தள்ளிவிட்டார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் கறுத்துத் தெரியவில்லை. ஆயிரம் விரிப்புக்கு நடுவில் வைத்தாலும் தூரத்திலிருந்தே தெரியும்படி இருந்தேன்.

“நல்லா இருக்கா அண்ணி?” என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

அவர் நேராகப் பீரோவுக்குப் போய்க் கதவைத் திறந்தார். பால் டிப்போவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். மோர் நிறத்தைத் தள்ளினார், வெண்ணெய் நிறத்தைத் தள்ளினார். கை பச்சைக்கரையில் போய் நின்றது. நாலு வருடத்துக்கு முன்னால் கொடுத்தபோது நீவியது போலவே கரையை ஒருமுறை நீவினார். கையை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சந்தனம் யாருக்குப் பிடிக்கும் என்பதை இந்த நாலு வருடத்தில் நானும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“கை மட்டும் போதாது அண்ணி” என்றேன். “வாயத் தொறந்து சொல்லணும். அதானே சட்டம்.”

கதவருகே நின்றிருந்த என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணி என்னை முறைத்தார். உதட்டோரம் ஒருமுறை துடித்து அடங்கியது. பச்சைக்கரையை மடிப்புக் கலையாமல் உருவி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பீரோவைச் சாத்தினார். பிறகு கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவே நடந்து, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.